பாதியில் நின்ற எச்சரிக்கை

“பலத்த மழை தொடர்வதால்” என்று மட்டும் ஒரு குறுஞ்செய்தி அன்று காலை கீழ் லயத்துத் தொழிலாளர் வீடுகளின் கைப்பேசிகளுக்கு வந்தது. வட்டவளைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில், மண்சரிவு எச்சரிக்கையைக் கைப்பேசிக்கு அனுப்பும் ஏற்பாடு அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. மழை பெய்வதைச் சொல்ல ஒரு செய்தியா என்று பலர் சிரித்தார்கள். அந்த லயத்திலிருந்த என் சித்தி சிரிக்கவில்லை. கொழுந்து நிறுக்கும் தராசு முதல் கோயில் பூசாரி வரை எதையும் எவரையும் அவர் எளிதில் நம்பியதில்லை.

“தொடர்வதால்னா, அதுக்குப் பெறகு ஒன்னு இருக்கணும்ல? சொல்ல வந்தத எவனோ முழுங்கிட்டான்” என்றாராம். மறைப்பது கெட்ட சேதியாகத்தான் இருக்கும் என்று சண்டை போட்டு, கதவு கதவாகத் தட்டி, லயத்து ஆட்களை மேட்டிலிருந்த பாடசாலைக்குக் கூட்டிப்போனார். மத்தியானம் லயத்தின் பின்பக்கம் மண் சரிந்து, சமையல் நடக்கும் குசினிகள் புதைந்தன. உள்ளே ஒருவரும் இல்லை.

நான் தோட்டத்து ஆபீசில் கணினி வேலை பார்த்தேன். அங்கிருந்த திரையில் செய்தி முழுதாகவே இருந்தது: பலத்த மழை தொடர்வதால் “கீழ் லயம்” மக்கள் உடனே பாடசாலைக்குச் செல்லவும். அனுப்பியவர் ஆபீசின் தலைமை எழுத்தரான பெரிய கிளாக்கர். கூரை ஒழுகுவது பற்றிச் சித்தி அவரோடு பலமுறை மோதியிருந்தார். ஒரு வாக்கியம் பாதியில் நின்றால், மீதியை யாரோ மறைத்துவிட்டார்கள் என்று நினைக்க எங்கள் மலையில் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. எனக்கும் அவர்மேல்தான் சந்தேகம். அவர் தேத்தண்ணி நீட்டியபோதுகூட முகத்தையே பார்த்தேன்.

என் கைப்பேசிக்கே அனுப்பிச் சோதித்தேன். மேற்கோள்குறி இல்லாத செய்தி முழுதாக வந்தது. குறி உள்ள செய்தி அந்த இடத்திலேயே அறுந்தது. நிரலைத் திறந்ததும் புரிந்தது. செய்தி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று இயந்திரத்துக்குக் காட்டுவதும் அதே குறிதான். நடுவில் வந்ததை முடிவென்று எடுத்துக்கொண்டு அது மிச்சத்தை விட்டுவிட்டது. குறிக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு இருந்திருந்தால், இது முடிவல்ல, எழுத்தில் ஒன்று என்று அதற்குத் தெரிந்திருக்கும். நிரலை எழுதியவர் அதை விட்டிருந்தார். நான் சேர்த்தேன்.

சித்தியிடம் விளக்கியபோது, “ஒரு கோடு இல்லாட்டி பேச்சு நின்னுடுமா? கிளாக்கரய்யா சொல்லிக் குடுத்தாரா?” என்றார்.

இப்போது அவர் இருப்பது மேட்டில் கட்டிய புது வீட்டில். செய்திகள் முழுதாகவே போகின்றன. ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் பிறகு என்னை அழைப்பார்.

“வாசிச்சேன். இதுக்குப் பெறகு வேற ஒன்னும் இல்லயே?”

“இல்ல சித்தி.”

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்பார்: “ஒன் பக்கத்துல இப்ப யாரு நிக்கிறா?”