மூத்தவளின் உதை

என் அப்பாவுக்கு இரண்டு பெண்சாதிகள் என்று அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். இளையவள் அவர்தான். மூத்தவள் ஒரு துவக்கு. வெள்ளைக்காரனின் பட்டாளத்துக்காக எப்போதோ செய்யப்பட்ட, குட்டைக் குழலுள்ள ஒரு கார்பைன். ஒவ்வொரு வெடிக்கும் கைப்பிடியை இழுத்துத் தள்ள வேண்டும். அப்பாவுக்கு மீசை அரும்பிய காலத்தில், துவக்குச் சுடும் கழகம் ஒன்றில் அதைக் கையில் எடுத்தவர். அதன் பிறகுதான் அம்மாவைப் பெண் பார்க்கப் போனார்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். துவக்கு என்ற சொல்லை அங்கே உரக்கச் சொல்ல யாருக்கும் விருப்பமில்லை. அதனால் மூத்தவள் என்ற பெயர் வசதியாகவும் இருந்தது. மூத்தவள் கழகத்து இரும்பு அலுமாரியில் பூட்டுக்குள் இருந்தாள். அப்பா போய்ப் பார்த்துவிட்டு வருவார். அவள் ஒருநாளும் எங்கள் வீட்டுப் படி ஏறியதில்லை, அந்த மட்டில் நல்லவள் என்பார் அம்மா.

சண்டை நடந்த வருடங்களில் அப்பா அந்தப் பக்கமே போகவில்லை. அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரை வைத்துக்கொண்டு, துவக்குச் சுட்டுவிட்டு வருகிறேன் என்று சோதனைச் சாவடியில் சொல்லிப் பார்க்கிற அளவுக்கு அவர் வீரர் இல்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் கந்தோரில் கிளாக்காக வேலை பார்த்தார். கணக்கெழுதினார், பூசைக்குப் போனார், பேசாமல் இருந்தார். சண்டை முடிந்து கழகம் பழைய ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டபோது, அப்பா தலைக்கு மை பூசிக்கொண்டு புதுமாப்பிள்ளை மாதிரிப் புறப்பட்டுப் போனார் என்பது அம்மாவின் சாட்சியம்.

வருடத்துக்கு ஒரு தடவை பழைய துவக்குகளுக்கென்று கழகத்தில் ஒரு போட்டி வைப்பார்கள். அந்த முறை அப்பா அதற்குப் பெயர் கொடுத்திருந்தார். அந்த நேரம் பார்த்து ஆமர் வீதிச் சந்தியில் அவர் வந்த திரீவீலர் குடைசாய்ந்தது. வலது பக்கக் காறை எலும்பு முறிந்து, உள்ளே ஒரு உலோகப் பட்டி வைத்துப் பூட்டி அனுப்பினார்கள். எலும்பு கூடிவிட்டது, ஆனால் தோளில் அடிபடக் கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

மூத்தவளின் அடி விழுவது சரியாக அந்த இடத்தில்தான். குட்டைத் துவக்கு, பாரமும் குறைவு, அதனாலேயே உதை அதிகம். வெடிக்கும்போது பின்பக்கம் தோளில் கழுதை மாதிரி உதைக்கும். நல்ல தோளே நீலம் பாய்ந்துவிடும். அம்மா கெஞ்சினார், ஏசினார், கதைக்காமலும் இருந்து பார்த்தார். அப்பா ஒன்றுக்கும் மசியவில்லை. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்:

“இந்த ஒருக்கா மட்டும். இவ்வளவு வருசம் பயத்தில நிண்டிட்டன். இப்பவும் போகாட்டி, நான் ஏலாதவன் எண்டே இருந்திடுவன்.”

அம்மா அவருடைய பீங்கானில் இன்னொரு கரண்டி சோறு போட்டார். அது சம்மதமா கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு அப்போது எட்டோ ஒன்பதோ, கோயிலில் முதன்முதலாக நற்கருணை எடுத்துப் புதுநன்மை வாங்குகிற வயது.

அந்தப் பழைய ரகத் தோட்டாக்கள் கடையில் கிடைப்பதில்லை. சுட்டு முடிந்த பித்தளைக் கோதுகளைப் பொறுக்கிக் கழுவி, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டை வைத்து அழுத்தி, கழகத்திலேயே திரும்பச் செய்துகொள்வார்கள். வேலை நுணுக்கமானது. விபத்துக்குப் பிறகு அப்பாவின் வலது கை நடுங்கியது. தராசுத் தட்டில் மருந்தைக் கொட்டினால் பாதி மேசையில் சிந்தியது. அம்மா பாமசி ஒன்றில் மருந்து நிறுத்துக் கட்டிப் பழகியவர். கடைசியில் அப்பா வெட்கத்தை விட்டு அவரைத்தான் கேட்டார். இளையவள் மூத்தவளுக்குச் சமைத்துப் போடுவதா என்று அம்மா முகத்தை நொடித்தார். ஆனாலும் போட்டிக்கு முதல்நாள் என்னையும் இழுத்துக்கொண்டு கழகத்துக்கு வந்தார்.

பின்பக்க அறையில் மேசை, தராசு, ஒரு சின்ன அழுத்து இயந்திரம். களஞ்சியத்தைப் பார்த்துக்கொண்டவர் நரைத்த மீசை வைத்த ஒரு சிங்களவர். அவர் இயந்திரத்தின் பிடியை இழுத்தார், அம்மா நிறுத்தார். அப்பா எனக்கு விளக்கம் சொன்னார். மருந்து குறைந்தால் குண்டு போகப் போகக் கீழே விழுந்துவிடும், பிறகு இலக்குப் பலகையில் நடுப்புள்ளியை மறந்துவிட வேண்டியதுதான் என்றார். அம்மா காதில் விழாதவர் மாதிரி நிறுத்துக்கொண்டிருந்தார்.

சற்றுப் பொறுத்து அப்பாவை முன் அறைக்குத் தேநீர் குடிக்கக் கூப்பிட்டார்கள். அவர் போனதும் அம்மா வாசலை எட்டிப் பார்த்தார். பிறகு களஞ்சியக்காரரிடம் மெல்லச் சிங்களத்தில் கேட்டார்:

“அய்யே, மேக்க டிக்கக் அடு கரன்ட புளுவன்த?”

இதைக் கொஞ்சம் குறைக்கலாமா என்று. அவர் அம்மாவைப் பார்த்தார். தன்னுடைய வலது தோளைத் தொட்டுக் காட்டிப் புருவத்தை உயர்த்தினார். அம்மா தலையாட்டினார். மனிதர் ஒரு தடித்த புத்தகத்தைப் பிரட்டி, இதற்குக் கீழே இறங்கக் கூடாது என்று போட்டிருந்த இடத்தில் விரலை வைத்தார். அம்மா அந்த அளவுக்கே தராசை இறக்கினார். ஏற்கெனவே மருந்து போட்டு வைத்திருந்த கோதுகளையும் கவிழ்த்துத் திரும்ப நிறுத்தார். பிறகு என்னைப் பார்த்து, “அப்பாட்ட வாய் திறந்தியோ, பார்” என்றார்.

அம்மாவுக்கு மூத்தவளைப் பிடிக்காது என்பது ஊருக்கே தெரியும். அதற்காக இப்படியா? அப்பாவை எல்லாருக்கும் முன்னால் தோற்கடித்து, அதோடு அவளைத் துரத்திவிடப் பார்க்கிறார். வீட்டில் அன்றாடம் மேசைக்கு முன்னால் செபம் சொல்கிற அம்மா! இரவெல்லாம் புரண்டு படுத்தேன். அப்பாவிடம் சொல்லியே தீருவது என்று முடிவு கட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியப் பூசை கண்டுவிட்டு அவிசாவளைப் பக்கம் இருந்த சுடுதளத்துக்குப் போனோம். அம்மா தறப்பாள் பந்தலின் கீழே மற்றப் பெண்களோடு உட்கார்ந்து, செபமாலையை உருட்டிக்கொண்டே அவர்களோடு சிங்களத்தில் ஊர்க்கதை கதைத்தார். இன்னும் சுடத் தொடங்கவில்லை. அப்பா தன் முறைக்காக, படுத்துச் சுடுகிற பாயின் பக்கத்தில் குந்தியிருந்தார். தண்ணீர்ப் போத்தலைச் சாட்டாக வைத்துக்கொண்டு நான் அவரிடம் போனேன்.

அப்பா பெட்டியைத் திறந்து ஒரு தோட்டாவை எடுத்தார். காதுக்குப் பக்கத்தில் வைத்து, தீப்பெட்டியில் குச்சி இருக்கிறதா என்று பார்ப்பதுபோல ஆட்டினார். இன்னொன்றை எடுத்து ஆட்டினார். மூன்றாவதை ஆட்டும்போது எனக்கும் கேட்டது, உள்ளே மணல் மாதிரிச் சரசரவென்று ஒரு சத்தம். நிறைய மருந்து போட்ட தோட்டா அப்படிச் சத்தம் போடாது. அப்பா திரும்பித் தறப்பாளைப் பார்த்தார். அம்மா இந்தப் பக்கம் பார்க்கவில்லை, அல்லது பார்க்காத மாதிரி இருந்தார். அப்பாவின் முகத்தில் அதுவரை நான் கண்டிராத ஒரு சிரிப்பு வந்தது. கொஞ்சம் அழுகை கலந்த மாதிரியும் இருந்தது. பிறகு மூத்தவளின் முதுகில் குறி பார்க்கிற சின்னத் தகட்டை ஒரு படி மேலே உயர்த்தினார்.

அந்தத் தகட்டைப் பற்றி எனக்குத் தெரியும். பலகை தூரத்தில் இருந்தால் உயர்த்த வேண்டும், குழல் சற்று மேலே நிமிரும், குண்டு விழுந்து விழுந்து போய்ச் சரியான இடத்தில் படும். ஆனால் அன்றைக்குப் பலகை வழக்கமான இடத்தில்தானே நின்றது! அம்மா செய்த அநியாயம் போதாதென்று அப்பாவும் பிழை விடுகிறார்.

“அப்பா, தகடு பிழை” என்றேன்.

“தெரியும் பிள்ளை.” உதட்டில் விரலை வைத்தார். “அம்மாட்டச் சொல்லாத, என்ன?”

நான் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு திரும்பினேன்.

அப்பா சுட்டார். ஒவ்வொரு வெடிக்கும் அம்மாவின் தோள் ஒருதடவை குலுங்கியது. அப்பாவின் தோள் அவ்வளவாகக் குலுங்கவில்லை. குண்டுகள் நடுப்புள்ளியைச் சுற்றி ஒன்றோடொன்று ஒட்டி விழுந்திருந்தன. கோப்பை வேறு யாருக்கோ போனது. அப்பாவுக்கு ஒரு பிளாஸ்க் கொடுத்தார்கள். அதை அவர் குழந்தைப்பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

வந்ததும் வராததுமாக அம்மா அவரைக் கதிரையில் இருத்தி, சேட்டைக் கழற்றி, தழும்பைச் சுற்றித் தடவித் தடவிப் பார்த்தார். நீலம் இல்லை, வீக்கம் இல்லை.

“நோகுதோ?”

“இல்லையப்பா. இண்டைக்கு உதைக்கவே இல்லை. மூத்தவளுக்கும் வயசு போட்டுது, கோபம் குறைஞ்சிட்டுது போல.”

“ஓம், இருக்கும்” என்று அம்மா சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனார். வெகுநேரம் திரும்பி வரவில்லை. அப்பா புது பிளாஸ்க்கின் மூடியைத் திறப்பதும் பூட்டுவதுமாக இருந்தார்.

ஒருவருக்கொருவர் பொய் சொல்கிறார்கள். இரண்டு பொய்யும் என் வயிற்றுக்குள். பொய் சாவான பாவமா அற்ப பாவமா என்று மறைக்கல்வி ரீச்சர் அந்தக் கிழமைதான் படிப்பித்திருந்தார். புதுநன்மைக்கு முந்திய பாவசங்கீர்த்தனத்தில் சாமியாருக்கு முன்னால் முழங்காலில் நின்று, என் பாவங்களை அவசரமாக முடித்துக்கொண்டு, அப்பா அம்மாவின் பாவத்தைத் தொடங்கினேன். மருந்து, தோள், தகடு, பிளாஸ்க், ஒன்றையும் விடவில்லை.

வலைக்கு அந்தப் பக்கம் ஒரு செருமல் கேட்டது.

“அவையளை நான் பார்த்துக்கொள்ளுறன்” என்றார் சாமியார். “உனக்கு அபராதம் ஒரு அருள் நிறைந்த மரியே செபம். அதைச் சொல்லேக்க, எனக்கும் இப்பிடிப் பொய் சொல்லுற ஒருத்தனைத் தா எண்டு மாதாவிட்டக் கேள்.”

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. பொய்யனை யாராவது வேண்டிக் கேட்பார்களா? மாதா என்னைப் பற்றி என்ன நினைப்பா? பாதிச் செபத்தோடு எழும்பி வீட்டுக்கு ஓடிவிட்டேன்.

இப்போது வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். படிப்பு என்ன, வேலை என்ன, கனடாவா லண்டனா என்று அம்மா தொலைபேசியில் விசாரிக்கிறார். அப்பா பக்கத்தில் இருந்து, ஆள் எப்படி, ஆள் எப்படி என்று கையால் சாடை காட்டுகிறார். அந்தத் தோளில் இன்றுவரை ஒரு நோவும் இல்லை. போன கிழமை வேலை முடிந்து வரும் வழியில் கோயிலுக்குள் போனேன். அன்றைக்குப் பாதியில் விட்ட செபத்தின் மீதியைச் சொல்லிவிட்டு வந்தேன்.