மண்டையோட்டுக் கோபுரத்து ஸ்தானிகா

நீஷ் நகரத்துக்கு வருகிறவர்கள் முதலில் என் முன்னால்தான் வந்து நிற்பார்கள். மண்டையோட்டுக் கோபுரத்தின் வாசலில் சீட்டுக் கிழிக்கிறவள் நான். "எல்லாம் நிஜ மண்டையோடா?" என்று கேட்பார்கள். இல்லை, களிமண்ணில் பிசைந்து வைத்திருக்கிறோம் என்று சொல்ல நாக்கு துடிக்கும். சம்பளத்தை நினைத்து அடக்கிக்கொள்வேன்.

ஸ்தானிகா அப்படி இல்லை. கோபுரத்தைச் சுற்றிக் கட்டிய சின்ன ஆலயத்தைக் கூட்டித் துடைக்கிறவள் அவள். யாராவது அப்படிக் கேட்டால் துடைப்பத்தை நிறுத்திவிட்டு, "நிஜந்தான். ஒவ்வொண்ணும் ஒருத்தி பெத்த பிள்ளை" என்பாள்.

இருநூறு வருஷத்துக்கு முன்னால் செகார் குன்றில் துருக்கியரோடு மோதிச் செத்த எங்கள் ஆட்களின் தலைகளைப் பதித்து, துருக்கி ஆளுநரான பாஷா எழுப்பியது அந்தக் கோபுரம். கான்ஸ்டான்டினோபிள் சாலையில் போகிறவன் பார்த்து நடுங்க வேண்டுமாம். தொள்ளாயிரத்துக்கு மேல் இருந்த தலைகளில் இன்று ஐம்பத்தெட்டுதான் மிச்சம். மழையில் உதிர்ந்தது கொஞ்சம், வீட்டார் திருட்டுத்தனமாகப் பெயர்த்துக்கொண்டு போய்ப் புதைத்தது கொஞ்சம். போனவற்றின் இடத்தில் வெறும் குழிகள் இருக்கின்றன.

ஸ்தானிகாவுக்கு அந்தக் குழிகளைத்தான் பிடிக்கும். "இவன் வீடு போய்ச் சேர்ந்துட்டான். அதோ, அவனும் போயிட்டான்" என்று காட்டுவாள்.

"இத்தனை தலையில தன் பிள்ளை எதுன்னு எப்படிக்கா கண்டுபிடிச்சிருப்பாங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பல்லைப் பார்த்துத்தான். என் லூபிஷாவுக்கு மேல் முன்பல்லு முனை உடைஞ்சிருக்கும். கோட்டை மதில்லேருந்து குதிச்சான், கழுதை. ஆயிரம் தலைக்கு நடுவுல வெச்சாலும் எடுத்துருவேன்."

லூபிஷா அவளுடைய ஒரே மகன். தொண்ணூற்றொன்பதாம் வருஷத்துப் போரில் படைக்குக் கூப்பிட்டார்கள், கொசோவோவுக்குப் போனான். அவன் போன லாரி கிடைத்தது, அதில் போன ஆட்கள் கிடைக்கவில்லை. காணவில்லை என்றார்கள். அதோடு சரி.

எங்கள் கோயில்களில் மெழுகுவத்தி ஏற்ற இரண்டு இடம் உண்டு. மேலே இருப்பது உயிரோடிருப்பவர்களுக்கு, கீழே மணலில் போய்ச் சேர்ந்தவர்களுக்கு. ஸ்தானிகா ஞாயிறு தவறாமல் மகனுக்கு மேலேதான் ஏற்றுவாள். இறந்தோர் சனிக்கிழமை வந்தால் ஊரே கோதுமையை அவித்து, சர்க்கரையும் வால்நட்டும் கலந்து, கல்லறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும். இவள் வீட்டு அடுப்பில் அன்றைக்கும் பீன்ஸ்தான் கொதிக்கும். அவளுடைய நாத்தனார் டரிங்காவுக்கு அது பொறுக்காது.

"பையனுக்குப் பசிக்காதா? ஒரு பிடி கோதுமை அவிச்சு வைக்கக் கூடாதா, அண்ணி?"

"பசிச்சா வீட்டுக்கு வந்து சாப்பிடுவான். நீ வேணா உன் புருஷனுக்கு அவிச்சு வை."

"ஐயோ, அவர் உயிரோட இருக்காரே!"

"அப்போ என் பிள்ளை மட்டும் என்ன?"

 அப்படிச் சொன்னாலும் ஸ்தானிகா ஒன்று செய்திருந்தாள். எங்காவது எலும்பு கிடைத்தால் ஒத்துப் பார்க்க வேண்டும் என்று, காணாமல்போனவர்களைத் தேடும் அலுவலகத்தார் கேட்டபோது ரத்தம் கொடுத்திருந்தாள். பல வருஷம் கழித்து அதற்குப் பதில் வந்தது. நான் சீட்டுக் கூண்டுக்குள் உட்கார்ந்து, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட புரெக் தின்றுகொண்டிருந்தேன். கையில் போனோடு வந்து நின்றாள். "கிடைச்சுட்டான்டி" என்றாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்றே தெரியவில்லை. புரெக்கைக் காகிதத்தில் சுருட்டி வைத்துவிட்டு எழுந்தேன்.

பிணவறைக்கு நானும் கூடப் போனேன். மேசைமேல் வெள்ளைத் துணி போர்த்திய ஒரு பெட்டி. இளம் பெண் டாக்டர் ஒருத்தி நின்றிருந்தாள்.

"முகத்தைக் காட்டும்மா. பல்லைப் பார்த்தா நானே சொல்லிருவேன்" என்றாள் ஸ்தானிகா.

டாக்டர் என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "தொடை எலும்பு இருக்கும்மா. விலா, வலது கை இருக்கு. எல்லாம் உங்க ரத்தத்தோட ஒத்துப்போச்சு. தலை கிடைக்கலை."

ஸ்தானிகா அந்தத் துணியின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். "நான் கூட்டுற இடத்துல தலைதான் இருக்கு, உடம்பில்லை. எனக்கு உடம்பை மட்டும் குடுக்கறீங்களா?" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டபோது, கடவுள் எதிரே வந்திருந்தால் அறைந்திருப்பேன்.

எங்கள் ஊரில் யாராவது செத்தால் கறுப்புக் கட்டம் போட்ட அறிவிப்பைக் கதவிலும் கம்பத்திலும் ஒட்டுவோம். படத்தில் முகம் இறுகித்தான் இருக்கும். ஸ்தானிகாவோ யாரோ கல்யாணத்தில் அவன் வாய்விட்டுச் சிரித்த படத்தைக் கொண்டுபோனாள். அச்சுக் கடைக்காரர் தயங்கினார்.

"சாவு அறிவிப்புல இப்படியாம்மா சிரிக்கறது?"

"பல்லு தெரியணும். யாராச்சும் எங்கேயாச்சும் பார்த்திருந்தா சொல்லுவாங்கல்ல."

அவர் அப்படியே அச்சடித்துக் கொடுத்தார். அடக்கத்தன்று முதல்முறையாகக் கோதுமை அவித்தாள். மறுவாரம் ஞாயிறு கோயிலில் இரண்டு மெழுகுவத்தி வாங்கினாள். ஒன்றை ஏற்றிக் கீழே மணலில் நட்டாள். அப்பாடா, அவள் மனசு ஆறிவிட்டது என்று நினைத்தேன். அடுத்ததை மேலே ஏற்றினாள்.

"அக்கா, அதான் புதைச்சாச்சே" என்றேன், மெதுவாக.

"புதைச்சதுக்குக் கீழே எரியுது. இன்னும் வராததுக்கு மேலே எரியட்டும்."

திங்கட்கிழமை வழக்கம்போல வேலைக்கு வந்தாள். இப்போதெல்லாம் குழிகளைக் காட்டிப் பேசுவதில்லை. கூட்டி முடித்ததும் கோபுரத்தின் அருகே போய், குனிந்து, மிச்சமிருக்கும் ஒவ்வொரு தலையின் பல்லையும் பார்க்கிறாள்.