ஒரு கிண்ணம், இரண்டு ஸ்பூன்

இந்த நாட்டில் சூப் என்பதே சாப்பாடு. நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. நமக்கு சூப் என்றால், பின்னால் வரப்போகும் சாப்பாட்டுக்கு வயிற்றைத் தயார் செய்கிற சமாசாரம். நியூ ஜெர்சிக்கு வந்த புதிதில், பிஸ்கட்டவேயில் ஒரு கடையில், முதலில் சூப் சொல்லுவோம், மற்றதை அப்புறம் கேட்பார்கள் என்று நானும் என் கணவன் முரளியும் ஆளுக்கொரு சூப் குடித்துவிட்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பரிமாறிய பெண் இரண்டு தடவை வந்து எல்லாம் நன்றாக இருந்ததா என்று விசாரித்தாள். மூன்றாவது தடவை வந்தபோதுதான் நாங்கள் சாப்பிட்டு முடித்துவிட்டோம் என்பது எங்களுக்கே தெரிந்தது.

பதினெட்டு வருடத்தில் அதெல்லாம் பழகிவிட்டது. மான்மவுத் ஜங்ஷனில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம் கார் ஓட்டினால் கடல். அங்கே ஒரு சின்ன ஊரில், ஆறே மேஜை போட்ட ஒரு காபிக் கடை. நடத்துகிற ஐலீனுக்கு எழுபது வயது இருக்கும். ஸ்காட்லாந்தில் ஏதோ ஒரு கடற்கரை ஊரிலிருந்து நாற்பது வருடத்துக்கு முன்னால் வந்தவர். அவர் ஊரில் மதியம் என்றால் ஒரு கிண்ணம் சூப், ஒரு துண்டு ரொட்டி, ஜன்னலுக்கு வெளியே மழை, அவ்வளவுதானாம். அதையே இங்கேயும் செய்துகொண்டிருக்கிறார், மழையைத் தவிர. மசூர் பருப்பையும் காரட்டையும் குழைய வேகவைத்துக் கடைந்த லென்டில் சூப் எப்போதும் இருக்கும். தாளிக்க மறந்துபோன சாம்பார் என்பான் முரளி.

என்பான் என்று எழுதுவதை மன்னிக்கவும். சென்னையில் ஒரே ஆபீசில் வேலை பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் நாங்கள். இன்றுவரை பெயர் சொல்லி, நீ வா போதான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் முரளிக்குக் கலிஃபோர்னியாவில் வேலை கிடைத்தது. லிவர்மோரில் அபார்ட்மென்ட் எடுத்துக்கொண்டு போனான். மகள் மது ஹைஸ்கூல் முடிக்கட்டும் என்று நான் இங்கேயே இருந்துவிட்டேன். போன ஆகஸ்டில் அவளும் காலேஜுக்குப் போனாள். அத்தோடு என் சாக்கும் போயிற்று. அவன் 'வா' என்று கூப்பிடவில்லை, நான் 'வரட்டுமா' என்று கேட்கவில்லை. போனில் பேசுவது வாஷிங் மெஷின், கார் இன்ஷூரன்ஸ் என்று சுருங்கிப்போனது. அப்புறம் ஒரு நாள், "நேர்ல பேசணும். வெள்ளிக்கிழமை வரேன்" என்றான். பிரிந்துவிடலாம் என்று சொல்லத்தான் வருகிறான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். மதுவிடம் சொன்னால், "ஜஸ்ட் ஆஸ்க் ஹிம், அம்மா" என்கிறாள். கேட்டு வாங்கிக்கொள்கிற பதிலா அது?

வந்தவன் பேசவில்லை. பாத்ரூம் குழாயைக் கழற்றி மாட்டினான். கராஜ் பல்பை மாற்றினான். ஞாயிற்றுக்கிழமை காலை பொறுக்க முடியாமல், கடலுக்குப் போகலாம் என்று நான்தான் சொன்னேன். மறுநாள் அவனுக்கு ஃப்ளைட்.

ஐலீன் வந்து என்ன வேண்டும் என்று கேட்டதும், "லென்டில் சூப், ஒன் பை டூ" என்றான் முரளி.

உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் தி.நகர் ஓட்டலில் நாங்கள் வாரம் இரண்டு நாள் சொன்னது அது. சர்வர் உள்ளேயே அளந்து இரண்டு கப்பில் கொண்டுவந்து வைப்பார். என் கப்பில் ஒரு சோள முத்து அதிகமாக இருந்தால்கூட முரளி எண்ணிச் சண்டை பிடிப்பான். எத்தனையோ வருடம் கழித்து அது அவன் வாயில் தானாக வந்துவிட்டது.

"ஒன்? ஆர் டூ?" என்று ஐலீன் முழித்தார். முரளி மேஜைமேல் விரலால் ஒரு கோடு போட்டுக் காட்டினான். அவர் முகம் தெளிந்தது.

"ஓ! யூ டூ ஆர் ஸ்ப்ளிட்டிங்?"

"எஸ்" என்றான் முரளி.

"நோ" என்றேன் நான்.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. பங்குபோடுவதற்கும் பிரிந்துபோவதற்கும் இங்கே அதே ஒரு வார்த்தைதான். என்னுடையது சத்தமாக வந்திருக்க வேண்டும். பக்கத்து மேஜைக்காரர் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார். ஐலீன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

"நான் சூப்பைச் சொன்னேன், சித்ரா."

"நான் சூப்பைச் சொல்லல."

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"மூணு நாளா அதையா நினைச்சுட்டிருந்த?"

"நேர்ல பேசணும்னு சொன்னா வேற என்ன நினைக்கறது?"

"வான்னு கூப்பிடத்தான் வந்தேன். நீ நோன்னுட்டா என்ன பண்றதுன்னு குழாயை ரிப்பேர் பண்ணிட்டிருந்தேன்."

"ரெண்டு வருஷமா ஏன் கூப்பிடல?"

"உனக்கு கரியர்தான் முக்கியம்னா நீ போன்னு சொன்னது யாரு?"

நான்தான் சொன்னேன். கோபத்தில் சொன்னதை அவன் சிரத்தையாகக் கடைப்பிடித்திருக்கிறான். எனக்கு அழுகையும் வந்தது, அவனை நாலு சாத்து சாத்தலாம் போலவும் இருந்தது.

சூப் வந்தது. ஒரே கிண்ணம், இரண்டு ஸ்பூன். இருபத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில் நாங்கள் ஒரே கிண்ணத்தில் ஸ்பூன் போட்டதில்லை. டம்ளரைத் தூக்கிக் குடிக்கிற வீடு எங்களுடையது. எச்சில் என்பதற்கு இங்கே வார்த்தை கிடையாது. நான் வேலை பார்க்கிற லேபில் ஒருத்தியிடம் ஒருமுறை விளக்கப்போக, நான் கிருமிக்குப் பயப்படுகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். முரளி ஒரு ஓரத்தில் ஸ்பூனை விட்டான். நான் எதிர் ஓரத்தில் விட்டேன். தோசையாக இருந்தால் நடுவில் பிய்த்துக்கொள்ளலாம். சூப்பில் எந்தப் பக்கம் யாருடையது?

"வந்துடறியா? அங்க கோயில் இருக்கு, நம்ம ஜனங்க இருக்காங்க" என்றான்.

ஒரு தடவை ஊரை விட்டு வந்தவளுக்கு இரண்டாவது தடவை சுலபம் என்று நினைக்கிறார்கள். முதல் தடவை நான் விட்டுவந்தது அப்பா அம்மா அமைத்துக்கொடுத்த வாழ்க்கையை. இங்கே இருப்பது நானே அமைத்துக்கொண்டது. இந்த லேப், இந்தச் சாலை, பனி கொட்டினால் சொல்லாமலே என் வாசலையும் சேர்த்துத் தள்ளிவிடுகிற பக்கத்து வீட்டுக்காரர். சென்னைக்குப் போனால் நான் ஜெர்சிக்காரி. லிவர்மோருக்குப் போனாலும் அதுதான்.

"தெரியல முரளி. நீ ஏன் திரும்பி வரக்கூடாது?"

"யோசிச்சேன். ஆனா எனக்கு அங்க செட் ஆயிடுச்சே."

இரண்டு வருடத்தில் நாங்கள் பேசிக்கொண்ட முதல் உண்மைகள் அவை. இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஆனாலும் பேசிக்கொண்டே இருந்தோம். மது எந்த ஊரை வீடு என்பாள், இந்த வீட்டை வாடகைக்கு விட மனசு வருமா, என் கம்பெனிக்கு அங்கே கிளை உண்டா என்று என்னென்னவோ. சூப் ஆறிப்போனது. பக்கத்து மேஜைக்காரர் எழுந்து போய்விட்டார்.

ஐலீன் வந்து கிண்ணத்தின் பக்கம் கையை நீட்டினார்.

"ஸ்டில் வொர்க்கிங் ஆன் தட்?"

சாப்பிட்டு முடித்தாயிற்றா என்பதை இங்கே இப்படித்தான் கேட்பார்கள். இன்னும் அதில் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா என்று. சாப்பிடுவதைப் போய் வேலை என்பார்களா என்று முன்பெல்லாம் நான் சிரித்திருக்கிறேன்.

"எஸ்" என்றோம், இரண்டு பேரும், ஒரே நேரத்தில்.

அடியில் இரண்டு ஸ்பூனுக்கு மேல் இருக்காது. அதை எடுத்துப்போக விடாமல், கிண்ணத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டிருந்தோம்.