கறுப்பு ஜன்னலும் கைராசியும்

ஓர் இயந்திரம் மக்கர் செய்தால் நீங்கள் முதலில் யாரைச் சந்தேகிப்பீர்கள்? இயந்திரத்தையா, அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணையா? அவசரப்பட்டு நல்லவராகிவிடாதீர்கள். அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவர்களும் உங்களைப் போல் படித்தவர்கள்தான்.

அவள் அங்கே பிற்பகல் ஷிப்டின் கணினிப் பணியாளர். ஒப்பந்த வேலை, மாதக் கடைசியில் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். கணவர் தையல்காரர். கழுத்தெலும்பு தேய்ந்து, மெஷினில் குனிய முடியாமல் வீட்டோடு இருந்தார். குடும்ப வண்டியில் ஓடுகிற சக்கரம் அவள் ஒருத்திதான்.

பரிசோதனை முடிவுகளை அறிக்கையாக்கி மருத்துவமனைகளுக்கு அனுப்பும் நிரல்கள் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்துக்காக எழுதப்பட்டவை. நிர்வாகம் வாங்கிப் போட்டதோ விண்டோஸ் கணினிகள். அதனால் நடுவே, யூனிக்ஸ் போல நடிக்கும் ஒரு மென்பொருள் அடுக்கை வைத்திருந்தார்கள். காலையில் எல்லாம் ஓடும். மதியத்துக்கு மேல் திரையில் ஒரு வரி வந்து நிற்கும்: 'புதிய பிராசஸை உருவாக்க முடியவில்லை.'

காலை ஷிப்ட்காரருக்கு 'ரீஸ்டார்ட் அண்ணன்' என்று பட்டப்பெயர். எந்த நோய்க்கும் அவரிடம் ஒரே மருந்து, அணைத்துத் திரும்பப் போடுவது.

"என் கையில ஓடுதும்மா. உன் கை பட்டா மட்டும் படுத்துக்குது. கைராசின்னு ஒண்ணு இருக்குல்ல?"

"ஏண்ணே, இது கம்ப்யூட்டரா, ஜாதகக் கட்டா?"

வரவேற்பு மேசைக்காரி குறுக்கே புகுந்தாள். "ஒரு பிராசஸ் இன்னொண்ணைப் பெத்துப் போடணுமாமே. அதைப் போய் இவகிட்ட எதிர்பார்த்தா?"

கல்யாணமாகிப் பல வருடம் குழந்தை இல்லாதவளிடம் சொன்ன நகைச்சுவை அது. அறையே சிரித்தது. அன்று அவளுக்கு வீட்டில் ஒரு வாய் இறங்கவில்லை.

அழுகை அடங்கியதும் மூளை வேலை செய்தது. யூனிக்ஸில் ஒரு பிராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல், தன்னை அப்படியே நகலெடுத்து இன்னொன்றை உண்டாக்கும். விண்டோஸில் அந்தப் பழக்கம் இல்லை. நடுவிலுள்ள அடுக்குதான் அதைப் பாவனை செய்கிறது. மூலத்தின் கோப்புகள் நினைவகத்தில் எந்த முகவரியில் இருந்தனவோ, நகலிலும் அதே முகவரியில் உட்கார்ந்தாக வேண்டும். அந்த இடத்தில் வேறு யாராவது குடியேறிவிட்டால் நகல் உருவாகாது.

முகவரிகளை மோதாமல் பிரித்து ஒதுக்க ஒரு கருவி உண்டு. ஓட்டினாள். பலனில்லை. அதை ஓட்டும்போது அந்த அடுக்கின் நிரல் எதுவும் திறந்திருக்கக் கூடாது. ஆனால் அந்தக் கணினியில் அந்த அடுக்கின் கறுப்பு ஜன்னல் ஒன்று எப்போதும் திறந்தே கிடந்தது. அதில் எழுத்துகள் அருவியாகக் கொட்டும். வருகிறவர்களிடம் அதைக் காட்டித்தான் மேலாளர் மார்தட்டுவார். மூடக் கூடாதென்பது அவர் கட்டளை.

அவள் மூடினாள். கருவி தன் வேலையை முடித்தது. அதன் பிறகு நிரல்கள் பாதியில் விழுவது குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. மிச்சக் குற்றவாளி இப்போது தனியாக அகப்பட்டான். மேலாளர் தேர்ந்தெடுத்த பாதுகாப்பு மென்பொருள், மதியந்தோறும் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு, அதன்பின் திறக்கும் ஒவ்வொரு நிரலுக்குள்ளும் தன் துண்டு ஒன்றைச் சொருகியது. நகல் உட்கார வேண்டிய முகவரியில் அது குடியேறிக்கொண்டது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதை.

"சார், நம்ம யூனிக்ஸ் அடுக்கு இருக்கற ஃபோல்டரை மட்டும் அந்தப் பாதுகாப்பு மென்பொருளோட கண்காணிப்புலேருந்து விலக்கி வைங்க. போதும்."

"நான் பார்த்துப் பார்த்து வாங்கினதுல குறை கண்டுபிடிக்கிறியா?"

"இன்னிக்கு ஒரு மதியம் விலக்கிப் பாருங்க சார். எல்லார் முன்னாடியும் காட்டறேன்."

விலக்கினார். பிற்பகல் முழுக்க ஒரு தடவைகூட விழவில்லை. எல்லாரும் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தார்கள். மேலாளர் தொண்டையைக் கனைத்தார்.

"பரவாயில்லையே. இன்னிக்கு உனக்கு நல்ல நேரம் போல."

பிறகு கண்காணிப்பைப் பழையபடி போடச் சொன்னார். கறுப்பு ஜன்னலை மூடியது யார் என்று கேட்டார். "நான்தான் சார்" என்றாள்.

மாதக் கடைசியில் அவளுக்கு வேலை இல்லை. ரீஸ்டார்ட் அண்ணனைப் பிற்பகலுக்கு மாற்றினார்கள். அவர் கையிலும் விழுந்தது. அப்போது மட்டும் ஊருக்கே ஞானம் பிறந்தது: "பாவம், அவர் என்ன பண்ணுவார்? மெஷின் பழசு!" புதுக் கணினிகள் வந்தன, அதே பாதுகாப்பு மென்பொருளோடு. அவையும் விழுகின்றன.

அவள் கணவரின் மெஷினில் தலையணை உறை தைக்கிறாள்.

மேலாளரை விடுங்கள், அவருக்குக் காப்பாற்ற ஒரு கௌரவம் இருந்தது. பின்னால் நின்று கண்ணாரப் பார்த்தவர்களுக்கு என்ன வந்தது? "நல்ல நேரம் இல்லை சார், அவ காரணத்தைக் கண்டுபிடிச்சா" என்று ஒரு வாய் திறந்திருக்கலாம். நாளை உங்கள் அலுவலகத்திலும் ஒருத்தி காரணத்தைக் காட்டிவிட்டு, அவமானப்பட்டு நிற்பாள். வீட்டுக்குப் போய் அங்கலாய்க்க வேண்டாம். பார்த்ததை அங்கேயே, அப்போதே, எல்லார் காதிலும் விழும்படி சொல்லுங்கள்.