தூணில் சாய்ந்து நின்றவர்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பழைய மஹாலைச் சுற்றிக் காட்டும் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். வந்தவர்களின் பெயரை வாசித்தபோது, வெள்ளை மீசைக்காரர் ஒருவர் தோள்துண்டைச் சட்டென்று கக்கத்தில் இடுக்கி, விறைப்பாக நின்று, "இருக்கேன் ஐயா" என்றார். கூட்டம் நகர்ந்த பிறகும் ஒரு தூணடியிலேயே நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படி என்ன பாக்கீங்க?"

"இது கோர்ட்டா இருந்தப்ப, வரப்புத் தகராறுல ஒம்பது வருசம் இந்தத் தூணுலதான் சாஞ்சு நின்னேன். எப்பப் பேரக் கூப்பிடுவாவளோன்னு வாசலையே பாத்துக்கிட்டு இருப்பேன். மேல இம்புட்டு வேலப்பாடு இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியுது."

"கேஸ் ஜெயிச்சீங்களா?"

எதிர்த் தூணைக் காட்டினார். அங்கே இன்னொரு பெரியவர் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தா, எதிர்பார்ட்டி. அவியதான் என்னைக் கூட்டிட்டு வந்தாவ."

நிகழ்ச்சி முடிந்ததும் இருவரும் ராஜபாளையம் பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து போனார்கள்.