பத்மாதேவி ஓடிய மாலை

பத்மாதேவி சிரித்தால், தபால் கந்தோரின் மறுமுனையில் முத்திரை குத்துகிறவர் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். அப்படி ஒரு சிரிப்பு, அதற்கேற்ற உடம்பு. யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு மாற்றலாகி வந்தபோது ஒல்லிப் பெண்ணாகத்தான் வந்தாள். இந்தக் குளிருக்குப் பசி எடுக்கும், பசித்தால் புட்டவிக்கத் தெரியும், பிறகென்ன? கணவர் ஸ்ரீஸ்கந்தராசா அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞர், ஈர்க்கு மாதிரி ஒல்லி மனிதர். இருவரும் சேர்ந்து நடந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். பார்க்கட்டும் என்பாள்.

அந்த உடம்பு அவளை ஒரேயொரு நாள்தான் அழவைத்தது. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில், தமிழர் வீடுகளை அடிக்க வந்தவர்களின் கூச்சல் தெருமுனையில் கேட்டதும் இருவரும் பின்வளவுக்கு ஓடினார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் கடைக்கார முஹைதீனும் அவர் மனைவி பாயிஸாவும் குடியிருந்தார்கள். அவர்கள் மேலேயிருந்து இழுக்க, கணவர் கீழேயிருந்து தள்ள, பத்மாதேவி பாதி மதிலில் அகப்பட்டுக்கொண்டாள். "நீங்கள் முதல்ல போங்கோ" என்று கெஞ்சினாள். அந்த மனுஷன் அசையவில்லை. கூச்சல் வாசல் கேற்றடிக்கு வந்த பிறகுதான் அவள் அந்தப் பக்கம் போய் விழுந்தாள். அவர் ஒரே தாவலில் பின்னால் வந்து சேர்ந்தார். வீட்டுக்கு வந்த சேதம் யன்னல் கண்ணாடிகளோடு போயிற்று. ஆனால் பாயிஸாவின் குசினியில் ஒளிந்திருந்த நாள்களெல்லாம் ஒரே நினைப்புத்தான் அவளை அரித்தது. கொஞ்சம் பிந்தியிருந்தால் என்னாலேயே இவர் செத்திருப்பார்.

"ஒரு ஏணி வாங்கிச் சாத்தினால் முடிஞ்சுது" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.

"நல்ல கதை. வாறவங்களும் அதிலதானே ஏறி வருவாங்கள்" என்றாள் பத்மாதேவி. ஏணிப் பேச்சு அத்தோடு சரி. அடுத்த முறை அந்த மதிலை யார் கையும் இல்லாமல் ஏறிக் கடப்பதென்று அவள் முடிவெடுத்துவிட்டாள்.

அக்குறணைப் பெண்ணான பாயிஸா ஒரு பாடசாலையில் உடற்பயிற்சி ஆசிரியை. கேட்டதும் மகிழ்ந்துபோய்த் திட்டம் போட்டுக் கொடுத்தாள். ஒருநாள் பாரம் தூக்க வேண்டும், மறுநாள் நடக்க வேண்டும், இப்படி மாறி மாறி. வெள்ளிக்கிழமை ஓய்வு. ஒரு பொல்லின் இரண்டு முனையிலும் பால்மா டின்னைச் செருகிச் சீமெந்து ஊற்றிக் காயவைத்தார்கள். அதுதான் பாரம். குந்தி எழும்பச் சொன்னபோது பத்மாதேவி பழக்க தோசத்தில் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டாள்.

"காத விடுங்க அக்கா, பொல்லப் பிடிங்க" என்றாள் பாயிஸா.

பலா மரக் கொப்பில் தொங்கி உன்னும் பயிற்சிதான் எல்லாவற்றிலும் பொல்லாதது. முதல் மாதம் அவள் வெறுமனே தொங்கினாள். பிறகு முழங்கை மடிந்தது. பிறகொரு நாள் நாடி கொப்பைத் தொட்டது. அன்றைக்கு அவள் போட்ட சத்தத்தில் முஹைதீன் பதறிப்போய் மதிலால் எட்டிப் பார்த்தார்.

நடை, வாவியைச் சுற்றித் தொடங்கி ஹந்தானை மலை ஏற்றம் வரை போனது. சோறும் பாதியாகக் குறைந்தது. வீணாக்கக் கூடாதே என்று மற்றப் பாதி கணவரின் சாப்பாட்டுக் கோப்பைக்குப் போனது. அவரும் கேலி பேசிக்கொண்டே சாப்பிட்டார். "என்னப்பா, ஒலிம்பிக்குக்குப் போறீரோ?" என்பார். இரண்டு வருடத்தில் அவள் சட்டைகளைப் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது, அவருடைய காற்சட்டைகளைத் தையல் பிரித்துப் பெரிதாக்க வேண்டியிருந்தது. இதை இருவருமே பெரிதாக எடுக்கவில்லை.

அப்புறம் பாயிஸா திட்டத்தில் ஓட்டத்தைச் சேர்த்தாள். ஒரு விளக்குக் கம்பம் வரை நடக்க வேண்டும், அடுத்த கம்பம் வரை ஓட வேண்டும். அன்று மாலை கந்தோர் விட்டதும் பத்மாதேவி வெள்ளைக் கன்வஸ் சப்பாத்தை மாட்டினாள், சேலையை வரிந்து செருகினாள், கைப்பையைக் கக்கத்தில் இடுக்கினாள். வெட்கத்தைப் பார்த்தால் வேலை நடக்காது என்று கடைத்தெருவில் ஓடத் தொடங்கினாள்.

அந்தக் காலத்தில் கண்டித் தெருவில் குங்குமப் பொட்டோடு ஒரு பெண் ஓடினால் யார்தான் உடற்பயிற்சி என்று நினைப்பார்கள்? முதல் கடைக்காரர் கதவைப் பாதி இறக்கினார். அதைப் பார்த்த பக்கத்துக் கடைக்காரர் முழுதாக இறக்கினார். பின்னால் கதவுகள் தடதடவென்று விழும் சத்தம் பத்மாதேவிக்குக் கேட்டது. ஐயோ, திரும்பவும் தொடங்கிவிட்டார்கள்! அதற்குப் பிறகு அவள் கம்பம் ஒன்றையும் பார்க்கவில்லை, வீடு வரைக்கும் ஒரே ஓட்டம்.

கணவர் வாசலில் வெளிறிப்போய் நின்றார். "பிரச்சினையாம் பத்மா! டவுண்ல கடையெல்லாம் பூட்டுறாங்களாம்!"

"தெரியும், வாங்கோ!"

பின்வளவுக்குப் போனார்கள். பத்மாதேவி மதிலின் உச்சியைப் பிடித்தாள், உன்னினாள், காலைத் தூக்கிப் போட்டாள். யோசித்துப் பார்ப்பதற்குள் அந்தப் பக்கம் பாயிஸாவின் கறிவேப்பிலைப் பாத்திக்குள் நின்றாள். ஒருவர் கையும் படவில்லை. அந்தப் பயத்துக்குள்ளும் சந்தோசத்தில் மதிலை ஒரு தட்டுத் தட்டினாள்.

திரும்பிப் பார்த்தால் ஸ்ரீஸ்கந்தராசா மதில் மேல் வயிறு அழுந்தக் கிடந்தார். முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை. இரண்டு வருடத்துச் சோறு அவரை விடவில்லை.

சத்தம் கேட்டுப் பாயிஸா ஓடி வந்தாள். அதே நேரம் முஹைதீனும் டவுணில் தன் கடையைப் பூட்டிவிட்டு வந்து சேர்ந்தார். "ஒண்டுமில்ல, ஒண்டுமில்ல, பயப்படாதீங்க. நான் பொலிஸ்லயே கேட்டுட்டுத்தான் வாறன். யாரோ ஒரு பொம்புள ஓடினாவாம், அதக் கண்டு எல்லாரும் கடையப் பூட்டினாங்களாம்."

"எப்படிப் பொம்புள?" என்று கேட்டாள் பாயிஸா.

"சேலையைச் செருகிக்கிட்டு, வெள்ளைச் சப்பாத்துப் போட்டு..."

பாயிஸா கீழே பார்த்தாள். பத்மாதேவியும் தன் காலைப் பார்த்தாள். பிறகு எழுந்த சிரிப்பு கச்சேரி வரைக்கும் கேட்டிருக்கும்.

"அது நீரோ?" என்றார் மதில் மேல் கிடந்தவர். "அப்ப பிரச்சினை ஒண்டும் இல்லையெண்டால் நான் எங்கட பக்கமே இறங்குறன்."

பத்மாதேவி விடவில்லை. அவருடைய இரண்டு கையையும் பிடித்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வர, அவரைத் தன் பக்கத்துக்கே இழுத்து இறக்கினாள். அவருடைய சேட்டில் ஒட்டிய பாசியைத் தட்டிவிட்டுச் சொன்னாள்:

"இனிமேல் முதல்ல நீங்கள் ஏறுங்கோ. கீழ நிண்டு நான் தள்ளிவிடுறன்."