ஒற்றைக்காலில் நின்று கேட்ட பாடு

பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பத்தில் சாலமன் என்ற பெயரில் மூன்று பேர் இருக்கிறார்கள். ஐஸ் வண்டி ஓட்டுகிறவர் ஐஸ் சாலமன். பஞ்சாயத்துக் குழாயைத் திறந்துவிடுகிறவர் தண்ணி சாலமன். மூன்றாவது ஆள் கனவு சாலமன். ஐந்தாம் வகுப்பு வரை என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் என்பதால் ‘அவன்’ என்றே எழுதுகிறேன். மரியாதை வேண்டுமென்றால் வேறு யாரையாவது எழுதச் சொல்லிக்கொள்ளட்டும்.

கனவு சாலமன் என்றதும் பகல் கனவு காண்கிற சோம்பேறி என்று நினைத்துவிட வேண்டாம். படுத்தால் கட்டையாகத் தூங்குகிறவன், அவனுக்குக் கனவே வராது. அவன் அர்த்தம் சொல்வதெல்லாம் ஒரு நாவலில் வருகிறவர்கள் காணும் கனவுகளுக்கு.

நாவலின் பெயர் ‘கருங்கொடி அரசு’. இதுவரை ஐந்து பாகம் வந்திருக்கிறது. ஒவ்வொன்றும் தலைக்கு வைத்துப் படுக்கலாம், அவ்வளவு கனம். ராஜா, ராணி, பேசும் ஓநாய், ஏழு கோட்டை, அரியணைக்கு அடித்துக்கொள்ளும் ஏழு வாரிசுகள். அவன் மகள் பெனிட்டா பொன்னேரி காலேஜ் நூலகத்திலிருந்து முதல் பாகத்தை எடுத்துவந்தாள். முப்பது பக்கத்தில் அவளுக்குத் தூக்கம் வந்துவிட்டது. வலை காயப்போட்டுவிட்டுச் சும்மா புரட்டிய அவள் அப்பனுக்குத் தூக்கம் போய்விட்டது.

சாலமன் படிக்கும் விதமே தனி. நாம் கதையைப் படிப்போம். அவன் கதைக்குள் எதையாவது ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று துழாவுவான். பின்னால் நடக்கப்போவதற்கு எழுத்தாளர் முன்னாலேயே போட்டுவைக்கும் அடையாளத்துக்கு அவன் வைத்த பெயர் மிதவை.

“மேல மிதவ தெரிஞ்சா கீழ வலை கீதுன்னுதானே அர்த்தம்? சும்மா யாராவது ஏரியில மிதவைய வுடுவானா?” என்பான்.

மூன்றாம் பாகத்தில் ஒற்றைக்கண் தளபதியைப் புதைக்கிறார்கள். குழிக்கு வெளியே அவன் செருப்பு ஈரமாகக் கிடந்தது என்று ஒரே ஒரு வரி. செத்தவன் செருப்பு எப்படி ஈரமாகும், ஆள் தண்ணீரில் நடந்து தப்பிவிட்டான், திரும்ப வருவான் என்று சாலமன் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். ‘கனவுக் கூடம்’ என்று ஒரு வாட்ஸ்அப் குழு. உலகம் முழுக்க நானூற்றுச் சொச்சம் வாசகர்கள் அதில் இருந்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நான்காம் பாகத்தில் தளபதி குதிரைமேல் வந்து இறங்கினான். அன்றிலிருந்து கோயம்புத்தூர் இன்ஜினியரும் துபாய் கணக்காளரும் பின்னணியில் போட் மோட்டார் சத்தத்தோடு வரும் சாலமன் குரலுக்காகக் காத்துக் கிடந்தார்கள்.

குப்பத்துக்காரர்களும் தங்கள் கனவைத் தூக்கிக்கொண்டு அவனிடம் போனார்கள். கருப்பன் தன் பல் விழுந்ததாகக் கனவு கண்டு இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்துவிட்டு அர்த்தம் கேட்கப் போனான். சாலமன் முகம் கொடுத்துப் பேசவில்லை.

“நாவல்ல வர்ற கனவ ஒரு ஆளு ரோசன பண்ணி எழுதிகிறாரு. அதுல அர்த்தம் இருக்கும். உன் கனவ யார்யா எழுதனது? நேத்து தின்ன கருவாட்டுக் கொயம்பு எழுதிச்சு. போய் வேலையப் பாரு” என்றான்.

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. பிறகுதான் வினை வந்தது.

ஐந்தாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில், அரண்மனையில் விளக்கேற்றும் ஒருத்தி கனவு காண்கிறாள். மொத்தமே நாலு வரி. ‘பெயர் மூன்று முறை ஒலிக்கும். உரியவன் அங்கே இருக்கமாட்டான். நீருக்குள் ஒரு விளக்கு எரியும். வெள்ளைப் பறவை ஒற்றைக்காலில் நின்று பாடு கேட்கும்.’

குழு இரண்டுபட்டது. பாடு என்றால் துன்பம், பறவை மக்களின் துன்பத்தை விசாரிக்க வருகிறது என்றார் இன்ஜினியர். பாடு என்றால் சாவு என்று மதுரை டாக்டர் ஒருவர் அடித்துச் சொன்னார். சாலமனுக்கு மட்டும் சந்தேகமே வரவில்லை. எங்களுக்கு யாருக்குமே வந்திருக்காது. பழவேற்காட்டில் பிறந்தவனுக்குப் பாடு என்றால் ஒன்றுதான். ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்ளும் முறை. முறை வந்தவனுக்கு இறால், வராதவனுக்குக் கரை. வலுத்தவன் இளைத்தவன் என்கிற பேச்சே கிடையாது.

“சிம்மாசனத்துக்கு ஏழு பேரு அடிச்சிக்கிறான். கடசில இன்னா ஆவும்? கொடத்துல பேரப் போட்டுக் குலுக்குவாங்கோ. ஆளுக்கொரு வருசம் பாடு வச்சி ஆளுவாங்கோ. பறவ அதுக்குத்தான் ஒத்தக்கால்ல நிக்குது.”

இதை அவன் பதினேழு நிமிடம் பேசி அனுப்பினான். குழு அசந்துவிட்டது. துபாய்க்காரர் இதற்குப் ‘பழவேற்காட்டுக் கோட்பாடு’ என்று பெயர் வைத்தார். சாலமன் ஒரு வாரம் தரையில் கால் வைத்து நடக்கவில்லை.

இனி அவன் மனைவி எப்சிபாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிழிந்த வலையை முடிகிறவள் அவள். இறால் ஆய்ந்து தரம் பிரிக்கிறவள் அவள். குடும்பம் நடப்பது அவள் கையால், நடக்கத் தேவையானது அந்த வருடத்துப் பாடு. சங்கக் கூடத்தில் வருடத்துக்கு ஒருமுறை குலுக்கல் நடக்கும். சீட்டில் வந்த பெயரை மூன்று முறை படிப்பார்கள். ஆள் எழுந்து நின்றால் பாடு அவனுக்கு. நிற்காவிட்டால் சீட்டைக் கிழித்துப் போடுவார்கள், அந்த வருடம் முழுக்க அந்த வீட்டுக்கு வலை இறக்க இடம் இல்லை. போன வருடம் கருப்பன் ஆஸ்பத்திரியிலிருந்து கையில் டிரிப்ஸோடு ஆட்டோவில் வந்து நின்றான். பெயர் படிக்கும் வேலை எனக்கு. நீலமேகம் என்றால் குலுக்கல் அன்றைக்கு மட்டும் கொஞ்சம் பயப்படுவார்கள்.

இந்த வருடம் குலுக்கல் ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணிக்கு. அதே ஞாயிறு காலை பத்து மணிக்குச் சென்னையில் எழுத்தாளர் வாசகர்களைச் சந்திக்கிறார் என்று குழுவில் செய்தி வந்தது.

எப்சிபா மூன்று வாரமாகச் சொல்லிப் பார்த்தாள். காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டாள். அந்த வட்டத்துக்குக் கீழேதான் சாலமன் தினமும் உட்கார்ந்து சோறு தின்றான். புது வலையை முடிந்து வாசலிலேயே குறுக்கே தொங்கவிட்டாள். குனிந்து போனான். கடைசியாக ஒருநாள், “நீ வரலன்னா நான் போய் நிப்பேன்யா” என்றாள். “நில்லு, நில்லு” என்று பக்கத்தைப் புரட்டினான். அறுநூறு பக்கத்துக்குள் ஒரு ஈரச் செருப்பைக் கண்டுபிடித்த மகானுபாவன்.

சனிக்கிழமை விடியற்காலை ஏரியில் படகின் விளிம்பில் உட்கார்ந்து, போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு குழுவுக்குக் கடைசி விளக்கம் பேசிக்கொண்டிருந்தான். கை வழுக்கியது. போன் தண்ணீரில் விழுந்து, எரிந்தபடியே கீழே போனது. ஞாயிறு காலை போன் இல்லாமலே ஐந்தாம் பாகத்தைப் பையில் போட்டுக்கொண்டு முதல் பஸ் ஏறினான். மூன்று மணிக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

பத்து மணி விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் வந்தது ஒரு மணிக்கு. அதன்பிறகு பொன்னாடைகள். எத்தனை தோளோ அத்தனை பொன்னாடை, சில தோளுக்கு இரண்டு. கேள்வி நேரம் தொடங்கியபோது மூன்றே கால். சாலமன் வரிசையில் நின்று மைக்கைப் பிடித்தபோது நான்கு தாண்டிவிட்டது. எங்கள் ஊர் வழக்கம், பாடு, குலுக்கல், ஏழு வாரிசுகள் எல்லாவற்றையும் மைக்கில் விரித்துச் சொல்லிவிட்டு, “சரியா சார்?” என்று கேட்டான்.

எழுத்தாளர் பொறுமையாகக் கேட்டார். பக்கத்தைப் பிரித்துப் பார்த்தார்.

“அது பாட்டுங்க. வெள்ளைப் பறவை பாட்டு கேட்கும். ‘ட்’ விட்டுப்போச்சு. அச்சுப்பிழை. அடுத்த பதிப்புல திருத்திடுவாங்க” என்றார்.

கூடம் சிரித்தது. இன்ஜினியரும் அங்கே இருந்தார், அவரும் சிரித்தார். பாட்டு கேட்கிற பறவைக்காகத்தான் எங்கள் ஆள் வீட்டுப் பாட்டை விட்டுவிட்டு அங்கே நின்றுகொண்டிருந்தான்.

இங்கே அதே நேரத்துக்குக் குடத்திலிருந்து நான்காவது சீட்டாக அவன் பெயர் வந்தது. வடக்குப் பாடு, நல்ல இடம். “சாலமன்” என்றேன். பதில் இல்லை. போன் போட்டுப் பார்க்கச் சொன்னேன். ஏரிக்கு அடியிலிருந்து யார் எடுப்பது? “சாலமன்” என்றேன். மூன்றாவது முறை இழுத்து இழுத்துப் படித்தேன். சங்கத் தலைவர் தருமலிங்கம் சீட்டைக் கிழிக்கக் கை நீட்டினார்.

“நான் கீறேன்” என்று வாசலிலிருந்து ஒரு குரல்.

எப்சிபா. காலையில் சர்ச்சுக்குக் கட்டிய வெள்ளைப் புடவையோடு வந்திருந்தாள். பெண்கள் கூடத்துக்குள் வருவதில்லை, படியில்தான் நிற்பார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டாள். சிமெண்டுப் படி வெயிலில் கொதித்தது. ஒரு காலைத் தூக்கி மற்றக் காலின்மேல் வைத்துக்கொண்டு நின்றாள்.

“பொம்பளைங்களுக்குப் பாடு கெடையாதும்மா. ஊட்டுக்குப் போ” என்றார் தருமலிங்கம்.

“கெடையாதுன்னு எங்க எழுதிகீது தலைவரே? நீலமேகண்ணா, அந்தச் சட்ட நோட்ட எடுத்துப் படி.”

படித்தேன். எங்கள் தாத்தன் காலத்தில் யாரோ எழுதியது: ‘தலைக்கட்டுக்கு ஒருவர் நேரில் வரவேண்டும்.’ தலைக்கட்டு என்றால் குடும்பம்.

“ஒருவர்னுதானே கீது? ஆம்பளன்னு கீதா? நான் ஒருவர் இல்லியா? வலை முடியறப்போ ஒருவரா இருந்தேன், எறா ஆயறப்போ ஒருவரா இருந்தேன். பாடு கேக்கறப்போ மட்டும் இன்னா ஆயிட்டேன்?”

அரை மணி நேரம் பேசிப் பார்த்தார்கள். மிரட்டிப் பார்த்தார்கள். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். அவள் கால் மாற்றினாளே தவிர இடம் மாறவில்லை. கடைசியில் கருப்பன்தான், “டிரிப்ஸோட நான் வந்தா வுட்டீங்கோ, கால் சுடச்சுட நிக்குது அது, குடுத்துத் தொலைங்களேன்” என்றான். நாலு பேர் ஆமாம் போட்டார்கள். தருமலிங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

நோட்டை வாசலுக்கே கொண்டுபோய் ‘சாலமன் மனைவி எப்சிபா’ என்று எழுதினேன். எட்டிப் பார்த்தாள்.

“முன்னாடி கீறத அடி. என் பேரு போதும்.”

அடித்தேன். கூடப் படகில் வருகிறவர் பெயரையும் எழுத வேண்டும் என்றேன். கொஞ்சம் யோசித்தாள்.

“எப்சிபா புருசன் சாலமன்னு எழுதிக்கோ.”

இருபது வருடமாக அந்த நோட்டில் எழுதுகிறேன். அன்றைக்குத்தான் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சாலமன் பொழுது சாய வந்தான். பஸ் நிறுத்தத்திலேயே நான் பிடித்துக்கொண்டேன். முகம் செத்துக் கிடந்தது. அச்சுப்பிழை விவகாரத்தை முழுக்கச் சொல்லிவிட்டு, “பாடு போச்சா நீலமேகா?” என்றான். இங்கே நடந்ததைச் சொன்னேன். அவன் என் சட்டையைப் பிடித்தான்.

“எத்தினி வாட்டி பேரு படிச்ச?”

“மூணு வாட்டி. நீதான் இல்லியே.”

“இன்னா பொடவ கட்டினு இருந்தா?”

“சர்ச்சுப் பொடவ. வெள்ள.”

அப்புறம்தான் எனக்கே உறைத்தது. விளக்கு மட்டும் இல்லையே என்றேன். “போன் எரிஞ்சிக்கினேதானே போச்சு” என்றான். இந்தப் பயலிடம் எதைச் சொன்னாலும் ஒரு பொருத்தம் வைத்திருப்பான்.

வீட்டுக்கு ஓடினான், நானும் பின்னால் போனேன். எப்சிபா வாசலில் உட்கார்ந்து கொப்புளித்த பாதத்தில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

“எப்சி, அது அச்சுப்பிழ இல்ல. எழுதன ஆளுக்கே தெரியல. பாடுதான். எனுக்கு மின்னாடியே தெரியும்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபம்கூட இல்லை.

“புஸ்தகத்துல எவனோ போட்ட மிதவைலாம் உன் கண்ணுல படுது. மூணு வாரமா நான் போட்டேனே, அதுல ஒண்ணாவது பட்டுச்சாய்யா?”

சாலமன் அவள் கையிலிருந்த எண்ணெய்க் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு கீழே உட்கார்ந்தான். நான் கிளம்பிவிட்டேன்.

வடக்குப் பாட்டில் இப்போது அவர்கள் வலைதான். அவள் சொல்லுகிற இடத்தில் அவன் வலை இறக்குகிறான். புதுப் போன் வாங்கியதும் ‘கனவுக் கூடம்’ அவனைக் கேலி செய்து ஓய்ந்து, மெல்லப் பழையபடி கேட்க ஆரம்பித்தது. ஆறாம் பாகத்தில் அரியணை யாருக்கு என்று கோயம்புத்தூர் இன்ஜினியர் கேட்டிருந்தார். முன்பென்றால் பதினேழு நிமிடம் பேசியிருப்பான். இந்த முறை நாலு நொடி வாய்ஸ் மெசேஜ்தான் போனது, மோட்டார் சத்தத்தோடு.

“ஊட்ல கேட்டுச் சொல்றேன் சார்.”